பிளஸ் டூ மாணவர்களுக்கு பில்லும் சம்பளச் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளில் பிளஸ் டூ முடிக்கும் மாணவர்கள் பலர் ஏலக்காய்க் கடைகளிலும், குமுளி வழியே கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களிலும் வேலைக்குச் சேர்கின்றனர். தமிழகத்துக்குள் விற்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி எனப் பிரிவதும், எல்லை தாண்டினால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி ஆவதும், அப்படி எல்லை தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) தேவைப்படுவதும் வணிகவியல் படித்தவர்களுக்கே ஏட்டளவில்தான் தெரியும். பில் போடச் சொன்னால் திகைக்கிறார்கள். இதையாவது முதலாளி கற்றுத் தந்துவிடுவார். சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்கான (பிஎஃப்) பிடித்தத்துக்கு ஈடான தொகையை நிறுவனமும் செலுத்த வேண்டும் என்பதையும், வேலை மாறினாலும் பிஎஃப் உறுப்பினருக்கான யுஏஎன் எண் மாறாது என்பதையும் அவர் எடுத்துச் சொல்வது அரிது. உண்மையான பில், சம்பளச் சீட்டுகளைக் கொண்டு எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் இவற்றைக் கற்பிக்க, பள்ளிக் கல்வித் துறை வாரம் ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர், போடிநாயக்கனூர்