காலை 6 மணி ஸ்கேட்டிங் வகுப்பு: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. பேச்சுப் போட்டி, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள், பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள். பத்தாம் வகுப்புக்கான திருப்புதல் தேர்வு அட்டவணை டைரியில் ஒட்டியிருக்கிறது. சரி, இப்போது ஸ்கேட்டிங்.

வகுப்பு 6 மணிக்கு. முதல் கால் மணி நேரம் வார்ம் அப், அதுவும் சாதாரண ஷூவில். ஆனால் 6 மணிக்கு நிற்பது பாதிப் பேர்தான், மீதிப் பேர் 6.20 வாக்கில் வருகிறார்கள். காரிலேயே ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கி நேராக ரிங்குக்குள் போகிறார்கள். போன மாதம் அப்படி வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாவது சுற்றிலேயே தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விழவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. மூன்று வாரம் மாடிப்படி ஏறவே சிரமப்பட்டான். வார்ம் அப் செய்திருந்தால் நடந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூக்கம் கலையாத உடம்போடு, மார்கழிக் குளிரில், எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்தால் வேறு என்ன ஆகும்?

எனக்கு ஸ்கேட்ஸில் நிற்கவே தெரியாது, கோச்சிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஓடும்போது காலைப் பின்னால் உதைக்கிறோம், இன்லைனில், அதாவது சக்கரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும் ஸ்கேட்ஸில், பக்கவாட்டில் தள்ளுகிறோம். அன்றாட நடையில் அவ்வளவாக வேலை இல்லாத உள்தொடையும் இடுப்பின் பக்கத் தசைகளும்தான் அங்கே பாடுபடுகின்றன. முட்டியை மடக்கிக் குனிந்தே ஓட்டுவதால் கீழ்முதுகுக்கும் சுமை. சக்கரங்கள் ஒரே வரிசையில் இருப்பதால் கணுக்கால் சாயாமல் தாங்க வேண்டும். அதனால்தான் மெதுவோட்டம், கால் வீசுதல், இடுப்பையும் கணுக்காலையும் சுழற்றுதல், பக்கவாட்டு நடை, உட்கார்ந்து எழுதல், அப்புறம் ஸ்கேட்ஸ் மாட்டி இரண்டு மூன்று மெதுவான சுற்று என்று வரிசை வைத்திருக்கிறார்.

இன்னொன்று. ஒரு அப்பா, நல்ல எண்ணத்தோடுதான், வந்ததும் மகளை உட்கார வைத்து முதுகை அழுத்தி நெற்றி முட்டியைத் தொட வைத்துக்கொண்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். உடம்பு சூடாகாமல் தசையை அப்படி இழுக்கக் கூடாது, அதிலும் ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் தசையின் வேகம் சற்று நேரத்துக்குக் குறையும். அந்த வகை ஸ்ட்ரெச்சிங் வகுப்பு முடிந்த பிறகு, ஒவ்வொன்றும் 20, 30 விநாடி, வலிக்காத அளவுக்கு. அதற்காகத்தான் கடைசிப் பத்து நிமிடம். அந்த நேரம் பார்த்து கேட்டில் ஹார்ன் அடித்துப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்.

“ஃபீஸ் கட்டுவது ஸ்கேட்டிங்குக்குத்தானே, குதிக்க வைத்தே பாதி நேரத்தை ஓட்டுகிறீர்களே” என்று கோச்சிடம் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2025இல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றாரே நம் சென்னைக்கார ஆனந்த்குமார் வேல்குமார், அவர் மாதிரி தங்கள் பிள்ளையும் வர வேண்டும் என்று சொல்பவர்களும் நீங்கள்தான். அந்த ஓட்டம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. வேகப் பந்தயக்காரர்கள் அதற்காக உடம்பைத் தயார்படுத்தும் நேரம் அதைப் போலப் பல மடங்கு.

எனவே ஜனவரி 5, திங்கள் முதல், 6.05க்கு மேல் வருகிற பிள்ளைக்கு அன்று ரிங்க் கிடையாது. ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், கடைசி ஸ்ட்ரெச்சிங்கில் சேரலாம். சிபாரிசு வேண்டாம், என்னிடம் போனில் பேசியும் பயனில்லை.

கோபமாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பி, பால் கொடுத்து, ஹெல்மெட்டையும் முட்டிக் கவசத்தையும் தேடி எடுத்து, அப்புறம் நீங்களும் வேலைக்கு ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளும் தவறாமல் 5.50க்கே வந்து நிற்பவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பேத்தியோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று தானும் கையைக் காலை வீசுகிற தாத்தாவுக்குத் தனி நன்றி.

பனி இருப்பதால் மெல்லிய ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்கள், வார்ம் அப் முடிந்ததும் கழற்றிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுங்கள், என் அறையில் ஏற்கெனவே ஏழு பாட்டில் கிடக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்