தகவல் சொன்னவரையே சந்தேக நபர் ஆக்காதீர்கள்: விமானப் படைத் தளத்தைச் சுற்றியுள்ள கிராமத் தன்னார்வலர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஒருங்கிணைப்பாளர்,
குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்கள் சார்பாக,
விமானப் படைத் தளத்தை அடுத்துள்ள கிராமங்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: தளப் பாதுகாப்பு குறித்துத் தகவல் தரும் தன்னார்வலர்களுக்கு உறுப்பினர் சான்றும் அடையாள அட்டையும் வழங்கவும், தகவல் கொடுத்த காரணத்துக்காக அவர்களை விசாரணைக்கு உட்படுத்துவதை நிறுத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் இதே பொருள் பற்றி நாங்கள் ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்கள் அனைத்துக்கும் எங்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற கைபேசிக் குறுஞ்செய்தி. அந்த உரிய அலுவலர் யார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே மீண்டும் தங்கள் பார்வைக்கே வருகிறோம். 1968-ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம், குடிமைப் பாதுகாப்புப் படையின் கட்டுப்பாட்டு அலுவலராக மாவட்ட நடுவர், அதாவது மாவட்ட ஆட்சியர், நிலைக்குக் குறையாத ஒருவரை அமர்த்தச் சொல்கிறது. எனவே எங்கள் குறையைக் கேட்க வேண்டிய இடம் தங்கள் அலுவலகம்தான் என்று நம்புகிறோம்.

1. 2025 மே 7 அன்று நாடு முழுவதும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதன் பிறகு நம் வட்டத்தில் நடந்த பயிற்சி முகாமுக்கு எங்கள் ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். கூலியும் கேட்கவில்லை, படியும் கேட்கவில்லை. பெயர், வயது, ஆதார் நகல், புகைப்படம் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அட்டை பிறகு வரும் என்றார்கள்.

2. முகாமில் சொல்லிக் கொடுத்ததை நாங்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம். சந்தேகப்படும் ஆளை மறிக்கக் கூடாது, பின்தொடரக் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது. நேரம், இடம், உடை, வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உடனே தகவல் சொல்ல வேண்டும். தளத்துக்குள் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் உள்ளே பார்த்ததை டீக்கடையில் பேசக் கூடாது. விமானம் இறங்குவதைப் படமெடுத்து முகநூலில் போடக் கூடாது. "கேன்டீன் அதிகாரி பேசுகிறேன்" என்று யாராவது அழைத்து வாயில் காவலின் நேரத்தைக் கேட்டால் சொல்லக் கூடாது. வாடகைக்கு வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்க்காமல் வீட்டைக் கொடுக்கக் கூடாது. இவற்றை வீடு வீடாகச் சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். திருமணத்துக்கு டிரோன் பறக்கவிட வந்த புகைப்படக்காரரிடம், இது சிவப்பு மண்டலம், 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது என்று எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பியதும் எங்கள் ஆட்கள்தான். 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப் படை நிலையத்தின்மேல் டிரோன் மூலம் வெடிபொருள் போடப்பட்டதை முகாமில் விளக்கிச் சொன்ன பிறகு, இரவில் வானத்தில் ஒரு வெளிச்சம் நகர்ந்தால் எங்கள் பிள்ளைகள்கூட எழுந்து வந்து பார்க்கிறார்கள்.

3. இப்போது எங்கள் மனத்தை அறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தளத்தின் தெற்கு மதிலும் ஏரிக்கரையும் சேரும் இடம் தங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் கரையைப் பார்வையிட வந்தபோது தாங்கள் நின்ற அந்த மதகுதான். அதன்மேல் ஏறினால் ஓடுதளத்தின் கடைசி முனை தெரியும். எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் அந்தக் கரையில்தான் ஆடு மேய்ப்பார். ஒருநாள் மாலை, மதகின்மேல் ஒருவன் நீளமான லென்ஸ் வைத்த கேமராவோடு நிற்பதைக் கண்டார். விமானம் இறங்கும்போதெல்லாம் கேமராவைத் தூக்கினான், இறங்கியதும் ஒரு சிறு நோட்டில் எதையோ எழுதினான். அந்த அம்மா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடுகளை ஓட்டுவதுபோல அவன் வண்டிக்குப் பின்பக்கம் போய், வண்டி எண்ணைத் தன் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முகாமில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார், ஐயா.

முகாமில் கொடுத்த எண்ணுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு நானும் அழைத்தேன். எடுக்கவில்லை. இருட்டிவிட்டது. தகவல் பழையதாகிவிடுமே என்ற பதற்றத்தில் தன் தம்பியை அழைத்துக்கொண்டு அந்த அம்மா காவல் நிலையத்துக்கே போய்விட்டார்.

அங்கே கேட்ட முதல் கேள்வி, "நீ ஏன் அங்கே போனாய்?" என்பது. இரண்டாவது, "உன்னை யார் படமெடுக்கச் சொன்னது?" என்பது. தன்னார்வலர் என்று சொன்னார். அட்டையைக் காட்டு என்றார்கள். எங்கே போவார் அட்டைக்கு? கைபேசியில் இருந்த படத்தில் வண்டிக்குப் பின்னால் மதிலும் முள்கம்பியும் தெரிகின்றன என்பதால், தடை செய்யப்பட்ட இடத்தைப் படமெடுத்ததாக அவர்மேலேயே வழக்குப் போடலாம் என்று 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தைச் சொல்லி மிரட்டினார்கள். கேமராவோடு நின்றவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "இனி ஏரிக்கரைப் பக்கம் போக மாட்டேன்" என்று ஒரு தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மேய்ச்சலுக்கு அவருக்கு இருக்கும் ஒரே இடம் அந்தக் கரை.

ஆடுகளில் பாதியை அவர் விற்றுவிட்டார். வெளியூரில் வேலை செய்யும் மகன் அழைப்பது அந்தக் கைபேசிக்குத்தான். அது திரும்பி வரும்வரை அக்கம்பக்கத்து வீட்டு எண்ணில்தான் பேசினார். ஊரில் அவருக்கு இப்போது "போலீஸ் பிடித்துப் போன பொம்பளை" என்று பெயர். நாட்டுக்கு நல்லது செய்யப் போனதற்கு இதுவா கைம்மாறு? யாரிடம் போய் நாங்கள் இதைக் கேட்பது?

4. அதற்குப் பிறகு எங்கள் குழுக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. வர வேண்டும் என்று அழைக்க எனக்கும் வாய் வரவில்லை. வருகிற இளைஞர்களும், "எதையாவது பார்த்தாலும் பார்க்காத மாதிரி வந்துவிட வேண்டியதுதான், அண்ணா" என்கிறார்கள். முகாமில் கற்றுக்கொண்டதற்கு நேர் எதிரான பாடத்தை அந்த ஒரு மாலை எல்லோருக்கும் கற்றுக் கொடுத்துவிட்டது. தளத்துக்கு உண்மையான ஆபத்து இதுதான் என்பதை எவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

5. படித்தவர், படிக்காதவர் என்று பார்த்துத் தகவலை எடைபோட்டால் என்ன ஆகும்? 1999 மே மாதம் கார்கில் பகுதியில் ஊடுருவல் நடந்திருப்பதை முதலில் கண்டு ராணுவத்துக்குச் சொன்னவர் தாஷி நம்கியால். காணாமல்போன தன் யாக் எருதைத் தேடி மலையேறிய ஆயர் அவர். அவரை உட்காரவைத்து, "நீ ஏன் மேலே போனாய்?" என்று கேட்டிருந்தால்? 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கியவர்களைக் கரையிலிருந்த மீனவக் குடியிருப்பு மக்கள்தான் முதலில் பார்த்தார்கள். 2016 ஜனவரி 2 அன்று பதான்கோட் விமானப் படைத் தளம் தாக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் அதிகாலையிலேயே, காரோடு கடத்தப்பட்டு விடப்பட்ட ஒரு காவல் கண்காணிப்பாளர் தகவல் சொன்னார். அவர் பேச்சை உடனே நம்பாமல் அவரையே சந்தேகித்ததில் நேரம் வீணானது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. காவல் கண்காணிப்பாளருக்கே அந்த நிலை என்றால், ஆடு மேய்க்கும் பெண்ணின் நிலை என்ன ஐயா?

அந்த அம்மா பார்த்த ஆள் வெறும் பறவைப் பிரியனாகவோ, விமானப் படம் எடுத்து மகிழ்பவனாகவோ இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அதைத் தீர்மானிப்பது அவர் வேலை அல்ல, எங்கள் வேலையும் அல்ல. விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்தார்களா என்பதே எங்கள் கேள்வி. வண்டி எண் இன்னமும் எங்களிடம் இருக்கிறது. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

6. கடலோர மீனவர்கள் கடலில் எதையாவது கண்டால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்று எண்கள் இருக்கின்றன. நிலத்தில் இருக்கும் எங்களுக்கு எடுக்கப்படாத ஓர் எண்.

7. குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, குடிமைப் பாதுகாப்புப் படையில் உறுப்பினராக நியமிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை, சட்டத்தில் இருப்பதைக் கேட்கிறோம். எங்களை உறுப்பினர்களாக நியமிக்கவே இல்லை என்றால் அதையாவது எழுத்தில் சொல்லிவிடுங்கள். பெயரையும் ஆதாரையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆபத்து வரும்போது "நீ யார்?" என்று கேட்பது எந்த வகையில் நியாயம்?

8. இதோடு சேர்த்து ஒன்று: மேற்கு வாயில் சாலையோரம் இறைச்சிக் கழிவு கொட்டுவது நிற்கவில்லை. பருந்துக் கூட்டம் ஓடுதளத்தின்மேல் வட்டமிடுகிறது. 2019 ஜூனில் அம்பாலாவில் பறவை மோதிய ஜாகுவார் விமானம் எரிபொருள் தொட்டிகளைக் கழற்றிவிட்டுத்தான் தரையிறங்கியது. ஊராட்சிக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். இதற்குத் தனி மனு தருகிறோம்.

ஆகவே தங்களிடம் பணிவோடு வேண்டுவது:

அ. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அனைவருக்கும் தங்கள் கையொப்பமிட்ட சான்றும் புகைப்பட அட்டையும் வழங்க வேண்டும்.

ஆ. இரவும் பகலும் ஆள் இருந்து எடுக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். தகவல் சொன்னதும் ஒரு பதிவு எண் தர வேண்டும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள் அல்லவா, அதுபோல. நடவடிக்கை என்ன என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம், அது ரகசியம் என்பது புரியும். தகவல் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் போதும்.

இ. தளப் பாதுகாப்பு அதிகாரி, உள்ளூர்க் காவல் ஆய்வாளர், எங்கள் பிரதிநிதிகள் ஆகியோர் தங்கள் முன்னிலையில் ஒரே ஒரு முறையாவது உட்கார்ந்து பேச வேண்டும். தளத்தின் ஆட்களுக்கு எங்கள் முகம் தெரியாது, காவல் நிலையத்துக்கு முகாம் நடந்ததே தெரியாது. இந்தச் சிக்கல் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஈ. அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கிய தாளை ரத்து செய்ய வேண்டும். மற்ற கோரிக்கைகளுக்கு நிதி வேண்டும், அரசாணை வேண்டும், நேரம் ஆகும் என்று சொன்னால் காத்திருப்போம். இதற்கு எதுவும் வேண்டாம், தங்கள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். திரும்பவும் கேட்கிறோம், மன்றாடிக் கேட்கிறோம்: அந்தத் தாளை ரத்து செய்து, அவர் தவறு எதுவும் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அதை எடுத்துக்கொண்டு போய்த்தான் மற்ற பெண்களை நான் மறுபடி கூட்டத்துக்கு அழைக்க முடியும்.

இந்த மனுவையும் உரிய அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டாம், ஐயா. தாங்களே படித்து முடிவு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒருங்கிணைப்பாளரும் தன்னார்வலர்களும்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)