ஆறெழுத்து முத்திரையை நம்பி ஏமாறாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை, ஈரோடு பக்கம் பழைய வீடு பிரிக்கிற இடங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் நீலப்பூ போட்ட சீனப் பீங்கான் ஜாடிகள் விலைக்கு வருகின்றன. அடியைத் திருப்பி ஆறு சீன எழுத்துகளைக் காட்டி, 'மிங் ராஜா காலத்துச் சாமான்' என்று சொன்னதுமே விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. அந்த எழுத்து ஜாடியின் வயதைச் சொல்லாது.

வலப்பக்க வரிசையில் தொடங்கி மேலிருந்து கீழாகப் படித்தால், பல ஜாடிகளில் 'மகா மிங், சுவாந்த ஆண்டுகளில் செய்தது' என்று வரும். சுவாந்த என்பது மிங் வம்சத்துப் பேரரசர் ஒருவரின் ஆட்சிப் பெயர்; அந்த ஆட்சி 1426 முதல் 1435 வரைதான். ஆனால் அக்காலப் பீங்கானுக்கு இருந்த மதிப்பினால், பின்னால் வந்த குயவர்களும் அந்தப் பெயரையே எழுதினார்கள். மிங் வம்சத்துக்குப் பின் வந்த சிங் வம்சத்துக் காங்சி பேரரசர் காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. பாத்திரம் உடைந்தால் பேரரசர் பெயர் காலில் மிதிபடுமே என்று, 1677-ல் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெசென் ஊர் அதிகாரி ஆட்சிப் பெயரை எழுதத் தடை போட்டார். சிலர் முத்திரையைச் சுற்றி வரும் இரட்டை வட்டத்தை மட்டும் போட்டு நடுவை வெறுமையாக விட்டார்கள். சிலர் பழைய மிங் பெயரை எழுதினார்கள். அது அக்கால வழக்கம், மோசடி அல்ல. இன்று நேற்றுச் செய்ததை அந்தப் பெயரில் விற்பதுதான் மோசடி.

அசல் சுவாந்த முத்திரையில் நான்காம் எழுத்தின் அடியில் 'இதயம்' என்ற உறுப்பு உண்டு. அதற்குச் சற்று மேலே வரவேண்டிய கிடைக்கோடு இருக்காது. கோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள்; போலி செய்கிறவருக்கும் இது தெரியும்.

பளபளப்புப் பூச்சில்லாத அடிவளையத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். காலத்தால் வந்த தேய்மானம் மேடான இடத்தில் வழவழப்பாகவும், கீறல்கள் பல திசையிலும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும். தேயிலைச் சாயம் ஏற்றினால் மேடு பள்ளமெல்லாம் ஒரே பழுப்பு. அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்று மட்டும் இருந்தால், அநேகமாக 1891-க்குப் பிந்தியது; இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் போட்ட சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

வாங்கிய பிறகு நம் வீடுகளில் செய்யும் தவறு, பித்தளைக்குப் போடுகிற புளியைப் போட்டுத் தேய்ப்பது. பூச்சுக்கு மேலே தீட்டிய ரோஜா, பச்சை நிறங்களில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். புளிப்பு அதை அரித்துவிடும். அதே காரணத்தால் அப்படி நிறம் தீட்டிய ஜாடிகளில் ஊறுகாயோ தயிரோ வைக்கவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். விரிசல் இருந்தால் ஊறப்போட வேண்டாம்.

உண்மையிலேயே மிங் காலத்து ஜாடி என்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். வயதை ரசீதில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் ஜாடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பழம்பொருள் ஆர்வலர்கள்,
கோபிசெட்டிபாளையம்.