பழைய ரேக்குக்கு உதிரிபாகம் தேடும் நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஆலையில் இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி வரிசையின் தயாரிப்பை நிறுத்திவிட்டதாக அறிவிப்பு வந்திருப்பதையும், சந்தையில் கிடைக்கிற, அதன் ரேக் என்ற சட்டகத்தில் செருகும் பழைய மின்னணுக் கார்டுகளையெல்லாம் வாங்கிக் குவித்துவிடலாமா என்று நிர்வாகம் உன்னிடம் கேட்டிருப்பதையும் எழுதியிருந்தாய். அவசரப்பட்டுச் சம்மதம் சொல்லிவிடாதே. வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், வாங்கி அலமாரியில் வைத்ததோடு வேலை முடிந்தது என்று நம்பி நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் எங்கள் பிரதான ரேக்கின் பவர் சப்ளை செயலிழந்தது. ஸ்டோரில் அதற்கு ஸ்பேர் இருந்தது. 14 ஆண்டுகளாக உறை பிரிக்காமல் வைத்திருந்த புத்தம்புதிய யூனிட். நிம்மதியாக அதை மாட்டி மின்சாரம் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ‘டப்’ என்ற சத்தத்துடன் அணைந்தது. மீன் கவிச்சி போன்ற ஒரு வாடை பேனல் முழுவதும் பரவியது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த மின்னூட்டத்தைச் சேமிக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலை புடைத்துப் பிளந்து, பழுப்பு நிறத் திரவம் பலகையில் வழிந்திருந்தது. பயிற்சிக்காக வைத்திருந்த ரேக்கின் யூனிட்டைக் கழற்றி மாட்டித்தான் விடிவதற்குள் லைனை ஓடவைத்தோம். வாரந்தோறும் மின்சாரம் கண்ட அந்தப் பழைய யூனிட் தாங்கியது. யாரும் தொடாத புதியது தாங்கவில்லை.

இதற்குக் காரணம் அந்தக் கெப்பாசிட்டரின் அமைப்பிலேயே இருக்கிறது. அதனுள் மின்சாரத்தைத் தடுத்து நிற்பது அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். மின்னழுத்தமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகி, திடீரென்று முழு அழுத்தம் கொடுக்கும்போது கசிவு மின்னோட்டம் பெருகிச் சூடேறிவிடுகிறது. வெப்பம் இன்னொரு பகை: 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது நம் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. ஆகவே, தகரக் கூரையின் கீழ் இருக்கும் ஸ்டோர் ஸ்பேர்களுக்கு ஏற்ற இடமே அல்ல. இப்போது எங்கள் பவர் சப்ளைகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, லோடு கொடுத்துச் சில மணி நேரம் ஓடவிட்டு, தேதியை உறையின் மேல் எழுதி வைக்கிறோம். நெடுங்காலம் கிடந்ததற்கு, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் கருவியை வைத்து அழுத்தத்தை மெல்ல ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள்; ஸ்விட்சிங் வகை யூனிட்டில் அதைச் செய்யாதே, உள்ளீடு குறையக் குறைய அது அதிக மின்னோட்டத்தை இழுக்கும். கெப்பாசிட்டரைத் தனியே கழற்றி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடரில் ஒரு ரெசிஸ்டர் வைத்து, டிசி சப்ளையில் படிப்படியாக ஏற்றுவதே சரி. என்னைக் கேட்டால், அதற்குச் செலவிடும் நேரத்தில் 105 டிகிரி வெப்பம் வரை தாங்கும் தரத்தில் புதிய கெப்பாசிட்டரையே வைத்து ஈயத்தால் பற்றவைத்துவிடலாம்.

இனி வாங்குவதைப் பற்றி. ‘எல்லாவற்றிலும் இரண்டிரண்டு’ என்று பட்டியல் போடாதே. உன் பிரேக்டவுன் பதிவேட்டைப் பார்த்துப் போடு. எங்கள் பதிவேட்டில் அடிக்கடி வருவது பவர் சப்ளையும், இயந்திரங்களுக்குக் கட்டளை அனுப்பும் ரிலே அவுட்புட் கார்டுகளும்தான்; புரோகிராமை ஓட்டும் சிபியு அரிதாகத்தான் போகிறது, வெறும் ரேக் போனதே இல்லை. பழைய சரக்கைத் தேடி அலைவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1978-இல் வந்த இன்டெல்லின் 8086 கணினிச் சில்லுகளை, விண்ணோடத்தின் பூஸ்டர் சோதனைக் கருவிகளுக்காக, 2002-இல் நாசாவே இணைய ஏலச் சந்தையில் தேடி வாங்கியது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே. மேல்பரப்பைத் தேய்த்து வேறு எண் அச்சிட்ட போலி ஐ.சி. சில்லுகள் உலவுகின்றன. பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தும், எந்தப் பதிப்பு என்று காட்டும் எழுத்து மாறியிருந்தால், கார்டு ரேக்கில் உட்காரும், வேலை செய்யாமலும் போகும்; அதனால் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடு.

கார்டு எத்தனை இருந்தாலும் புரோகிராம் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது என்பதையும் உன் மேலதிகாரிகளிடம் அழுத்திச் சொல். பேட்டரியை நம்பியே நினைவகம் இருக்கும் சிபியுவில், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கழற்றினால் புரோகிராம் அந்தக் கணமே போய்விடும். எப்போதும் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். புரோகிராமைப் பதிந்து வைக்கும் ஈப்ராம் சில்லின் கண்ணாடி ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை யாரும் உரிக்காமல் பார்த்துக்கொள், புற ஊதா ஒளி பட்டால் அதில் இருப்பது அழியும். பேக்கப் இருக்கிறது என்று சொன்னால் போதாது, அதைத் திறந்து காட்டும் கணினியும் கேபிளும் வேண்டும். 1979-இல் வந்த சீமென்ஸ் எஸ்5 பிஎல்சி வரிசையை எடுத்துக்கொள்: அதன் புரோகிராமிங் போர்ட் மின்னழுத்தத்தால் அல்லாமல் மின்னோட்டத்தால் தகவல் அனுப்பும் 20 மில்லியாம்பியர் கரண்ட் லூப்பில் பேசுகிறது, சாதாரண சீரியல் கேபிளை அப்படியே சொருகினால் பதில் வராது, மென்பொருளோ டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்தது. அந்தப் பழைய மடிக்கணினியையும் நான் உதிரிபாகமாகவே கணக்கில் சேர்த்திருக்கிறேன், ஒன்றுக்கு இரண்டாக.

உங்கள் ரேக்கில் இருக்கும் அவுட்புட் கார்டுகளின் லேபிள்களை, பதிப்பு எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. எங்களிடம் அதே வகையில் இரண்டு உபரியாக இருக்கின்றன. பொருந்தும் என்றால், சோதனை ரேக்கில் 48 மணி நேரம் ஓடவிட்டு, நிர்வாகத்தின் அனுமதியோடு உனக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
கதிரேசன்