கழுத்து வலிக்காமலும் கழுத்தில் கோளாறு இருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கழுத்து எலும்புத் தேய்மானம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலையணை, உட்காரும் விதம், பயிற்சி எல்லாம் சரி. ஆனால் கழுத்தில் தண்டுவடமே (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) அழுத்தப்பட்டால் பல பேருக்குக் கழுத்து வலிப்பதே இல்லை என்பது அதில் ஒரு வரிகூட வரவில்லை.

என் அண்ணன் தையல்காரர். முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, கண்ணாடி மாற்றினார். அப்புறம் சட்டைப் பித்தான் போடவே தடுமாற்றம், கையில் மதமதப்பு, நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. சர்க்கரை இருப்பதால் எல்லோரும் அதன்மேல் பழியைப் போட்டார்கள். சத்து மாத்திரை, நரம்பு ஊசி என்றே மாதங்கள் ஓடின. மணிக்கட்டு நரம்பு என்றார் ஒரு டாக்டர். ஒருநாள் முகம் கழுவக் குனிந்தபோது பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கரண்ட் அடித்தமாதிரி சுளீரென்று இறங்கியது. அதற்குப் பிறகுதான் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள், தண்டுவடம் நெருக்கப்பட்டிருப்பது தெரிந்தது.

கைக்கும் காலுக்கும் போகிற தகவல் எல்லாம் கழுத்து வழியாகத்தான் போகிறது. அங்கே நெருக்கினால் கை நுணுக்கம் போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்டுவடம் தெரியாது. முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடும்: சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் பொதுவாகத் துள்ளல் குறையும், இதில் கூடும். இஸ்ரேலில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயைக் கண்டுபிடிக்கவே சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் ஆனதாகச் சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது மனசு கனத்தது, ஏனென்றால் ஆபரேஷன் பெரும்பாலும் மேலும் மோசமாகாமல்தான் தடுக்கும், போனது முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. அண்ணன் இப்போது பித்தான் போடுகிறார், ஊசி கோர்க்க ஆள் வேண்டும்.

பத்து விநாடியில் கையை எத்தனை தடவை மூடித் திறக்க முடிகிறது என்று வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். 20க்குக் குறைந்து, கைமதமதப்போ நடைத் தடுமாற்றமோ கூடவே இருந்தால் டாக்டரிடம் சொல்லி, "கழுத்தையும் பாருங்கள்" என்று கேளுங்கள். இந்த அறிகுறி உள்ளவர்கள் சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கக் கண்டிப்பாக விடக்கூடாது.

நரம்பியல் நிபுணர் ஒருவரிடம் கேட்டு இதைத் தனிக் கட்டுரையாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்