பெயர் ஒற்றுமை ஆதாரமாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏதோ ஓர் அரசுக்குப் பயங்கரவாதிகளோடு தொடர்பு என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கோலாலம்பூர் நினைவுக்கு வருகிறது. 2000 ஜனவரியில் அல்-காய்தா ஆட்கள் இங்கே கூடினார்கள். பின்னாளில் செப்டம்பர் 11 தாக்குதலில் விமானம் கடத்தியவர்களில் இருவரும் அதில் இருந்தனர். அவர்களில் ஒருவரை நம் விமான நிலையத்தில் வரவேற்ற ஈராக்கியரின் பெயர், அன்றைய ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை அதிகாரி ஒருவரின் பெயரைப் போலவே இருந்தது. ஈராக் போர் தொடங்கிய பிறகும் அமெரிக்காவில் சிலர் அதைக் காட்டி, சதாம் அரசுக்கும் அல்-காய்தாவுக்கும் முடிச்சுப் போடப் பார்த்தார்கள். ஆள் வேறு, பெயர்தான் குழப்பம் என்று அமெரிக்க அதிகாரிகளே பின்னர் சொன்னார்கள்.

இதைவிட மனத்தை வதைப்பது இன்னொன்று. 2003 பிப்ரவரி 5இல் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல், ஈராக்குக்கும் அல்-காய்தாவுக்கும் தொடர்பு என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு ஒன்றுக்கு ஆதாரம், எகிப்தில் காவலில் இருந்த கைதியின் வாக்குமூலம். சித்திரவதை தாங்காமல் சொன்னதாக அந்தக் கைதியே 2004இல் அதை மறுத்தார். அதற்குள் பாக்தாத் விழுந்து எத்தனை குடும்பங்கள் அழிந்துபோயின!

இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, ஆதாரம் யாரிடமிருந்து, எப்படிப் பெறப்பட்டது என்பதையும் தங்கள் நாளிதழ் சேர்த்தே எழுத வேண்டுகிறேன்.

வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்