கோமதிக்கு, சத்தியவேட்டிலிருந்து

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. சுதா ஊத்துக்கோட்டைக்கே மாற்றலாகி வந்துவிட்டாள், அந்தப் பச்சை ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன், பொறுமையாகப் படிடி.

எங்கள் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், நாகலாபுரத்துக்காரன், நன்றாகப் படிப்பவன், ஸ்ரீசிட்டியில் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போனான். ஒரு பிராக்கெட்டின் டிராயிங்கைக் கொடுத்து மாடல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறை உண்டே, அது தேர்டு ஆங்கிள். நாம் முதல் வருடத்திலிருந்து போடவைப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள், உனக்குத் தெரியாததா? மேலிருந்து பார்க்கும் தோற்றம் நமக்குக் கீழே வரும், அவர்களுக்கு மேலே. பையன் நம் வழக்கப்படி படித்து, துளைகளெல்லாம் எதிர்ப்பக்கம் போய், கண்ணாடியில் தெரிவது போல ஒரு பாகத்தைச் செய்து வைத்துவிட்டான். டிராயிங்கின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில், எந்த முறை என்று காட்டும் அந்தக் கூம்புக் குறி இருந்திருக்கிறது, அதைப் பார்த்துச் சந்தேகமும் வந்திருக்கிறது. "கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நினைப்பாங்க மேடம்" என்கிறான்! அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

கல்லூரியில் சொன்னேன். உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபம்! இந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரைப் பார்த்து மொழி மாற்றுகிறவர்கள். வேற்று மனிதரோடு பழக இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத்தான் பயம், அந்தப் பயத்தை வகுப்பில் வளர்த்ததே நாம்தான்.

லாஃபன்பர்க் பாலம் நினைவிருக்கிறதா? ரைன் நதியின் ஒரு கரை ஜெர்மனி, மறு கரை சுவிட்சர்லாந்து. கடல்மட்டத்தை ஒருவர் வடகடலை வைத்தும் மற்றவர் மத்தியதரைக்கடலை வைத்தும் கணக்கிடுவதால் 27 செ.மீ. வித்தியாசம். அது இரு தரப்புக்கும் முன்பே தெரிந்ததுதான். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்ததில், 2003-ல் இரு பக்கமும் 54 செ.மீ. பிசகி நின்றன. தெரிந்த விஷயத்தையே இன்னொரு முறை கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும், அதை எந்த இங்கிலீஷ் வகுப்பு தரும்? நம் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்றும் சொல்ல முடியாது. இன்ஜினியரிங் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினர் ஆனது. குழுவாக வேலை செய்வது, தகவல் தொடர்பு எல்லாம், நம் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்பிஏவின் பட்டியலிலேயே இருக்கின்றன. நாங்களும் கோப்பில் நிரப்பி அனுப்புகிறோம், வகுப்பறைக்குள் அது வருவதில்லை.

அதனால்தான் உன்னைப் பிடிக்கிறேன். நகோயாவில் உன் பழைய லேப் பேராசிரியரிடம் பேசு. அவர் மாணவர்கள் சிலர், என் மாணவர்கள் சிலர். இவர்கள் வரைவதை அவர்கள் செய்ய வேண்டும், அவர்கள் வரைவதை இவர்கள். வாரம் ஒரு சந்தேகமாவது ஒவ்வொருவரும் எழுதி அனுப்பியே ஆக வேண்டும், அதற்கு மார்க் உண்டு. பேசி முடித்ததையும் அன்றே எழுதிவிட வேண்டும், தேதியில் மாதத்தைப் பெயராகவே போட்டு. 03/04 என்று எழுதி மார்ச்சா ஏப்ரலா என்று யாரும் முழிக்கக் கூடாது.

சனிக்கிழமை இங்கே காலை 9.30 என்றால் உனக்கு மதியம் 1 மணி. அந்த நேரத்தில் நீ தூங்குவாய் என்று தெரியும், ஹாஸ்டல் வார்டனுக்கே தெரியும், ஆனாலும் எழுந்திரு. அங்கே ஏப்ரலில் புதுக் கல்வியாண்டு தொடங்கிவிடுமே, அதற்குள் அவரிடம் கேட்டுச் சொல்லு. அப்புறம், உன்னிடம் தேர்டு ஆங்கிள் டிராயிங் ஏதாவது, கம்பெனி ரகசியம் இல்லாததாக இருந்தால், இந்த வாரமே அனுப்பு. திங்கட்கிழமை வகுப்பில் போடுகிறேன்.

உன்
தேன்மொழி